இருபத்தாறு வாரத்துக்கு அப்புறம்

விடுப்பு முடிந்து அலுவலகம் திரும்பிய முதல் நாள், மத்தியானம் மூன்று மணி வாக்கில் மார்பு கனத்து, சுடிதார் நனைந்துவிட்டது. வீட்டில் பிள்ளை பால் குடிக்கிற நேரம் அது. லீவு முடிந்த விஷயம் அலுவலகத்துக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உடம்புக்கு மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு கழிப்பறைக்குப் போய், நின்ற வாக்கில் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வந்து மீட்டிங்கில் உட்கார்ந்தேன். அன்று சாயந்திரம் ஒரு மூத்த ஊழியர் அக்கறையாகத்தான் கேட்டார்: “வேலையையும் குழந்தையையும் எப்படிம்மா சமாளிக்கப் போற?”

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் யோசனைகள் எல்லோருக்கும் தெரியும். விடியற்காலையில் எழுந்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையே காய் நறுக்கி வைத்துவிடுங்கள், மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்கி வைப்பது நல்ல பழக்கம்தான், நானும் செய்கிறேன். ஆனால் கெட்டிக்காரத்தனத்தால் தீருகிற விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை. காலண்டரை எடுத்து வைத்து எண்ணிப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். சட்டம் தரும் விடுப்பு பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்போது முடிகிறது. எல்.கே.ஜி. தொடங்குவது மூன்று, மூன்றரை வயதில். நடுவே கிட்டத்தட்ட மூன்று வருடம். அந்த மூன்று வருடத்துக்கு நம் ஊரில் இருக்கும் ஒரே ஏற்பாட்டின் பெயர் பாட்டி.

முதலில் அந்த ஆறு மாதத்தைப் பார்ப்போம். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 12 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. 2017-ல் அதைத் திருத்தி 26 வாரமாக்கினார்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்குத்தான் இது, மூன்றாவதற்குப் பழைய 12 வாரமே. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த விதிகளை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 26 வாரம் அதற்குச் சரியாகப் பொருந்தும், காகிதத்தில். ஏனென்றால் அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுத்துக்கொள்ளலாம். ரத்த அழுத்தம் ஏறி, கால் வீங்கி, டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டால் அந்த எட்டு வாரமும் அங்கேயே கரைந்துவிடும். பிள்ளை கைக்கு வந்த பிறகு மிஞ்சுவது 18 வாரம், அதாவது நாலு மாதமும் சில நாளும். ஒன்பதாம் மாதத்திலும் மூச்சு வாங்க வாங்க மின்சார ரயிலில் ஏறும் பெண்களைப் பார்த்து “என்ன தைரியம்!” என்பார்கள். தைரியம் ஒன்றும் இல்லை. பிரசவத்துக்கு அப்புறம் வேண்டும் என்று ஒவ்வொரு நாளாகச் சேமிக்கிறார்கள்.

தடுப்பூசி அட்டையைப் பார்த்தாலும் இது புரியும். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வார ஊசிகள் விடுப்புக்குள் வந்துவிடும். ஒன்பது மாதம் முடிந்து போடும் தட்டம்மை ஊசியும், ஒன்றரை வயது வாக்கில் போடுவதும் வெளியே விழும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடும் நாள் புதன்கிழமை. புதன்கிழமை எந்த அலுவலகத்துக்கு லீவு?

மாநில அரசு ஊழியர்களுக்கு மட்டும் கதை வேறு. தமிழ்நாட்டில் அவர்களுடைய மகப்பேறு விடுப்பு 2011-ல் ஆறு மாதமானது, 2016-ல் ஒன்பது மாதமானது, 2021 ஜூலை 1 முதல் முழுதாக ஒரு வருடம். குரூப் 4 தேர்வு நடக்கும் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றால் இதன் மதிப்பு தெரியும். வேப்பமர நிழலில் அப்பாக்கள் வரிசையாகக் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பார்கள், பக்கத்தில் பால் புட்டி, ஒரு துணிப்பை. உள்ளே மனைவி தேர்வு எழுதிக்கொண்டிருப்பாள். அத்தனை அப்பாக்களை ஒரே இடத்தில் குழந்தையோடு வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அரசு வேலையிலும் இரண்டு குழந்தை வரம்பு உண்டு. தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை, மறுமணத்துக்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு விடுப்புக் கேட்டபோது, முதல் திருமணத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மகப்பேறு விடுப்பு ஒரு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் தீர்ப்பு வந்தது.

சரி, விடுப்பு முடிந்தது. பிள்ளையை எங்கே விடுவது? பால்வாடி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உண்டு. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளிப் பிள்ளைகளோடு பால்வாடிக் குழந்தைகளையும் சேர்த்துதான் சோறு போட்டார்கள். ஆனால் அங்கே உட்காரவைத்துச் சோறு போடுவது இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. அதற்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குச் சத்துமாவு பாக்கெட் வீட்டுக்கு வரும், பிள்ளை போக இடம் கிடையாது. அப்படியே இரண்டு வயது ஆனாலும் நாலு மணிக்குள் மையத்தைப் பூட்டிவிடுவார்கள். அங்கன்வாடி என்பது ஊட்டச்சத்துக்காக உருவான அமைப்பு. தாய் வேலைக்குப் போய்த் திரும்பும் நேரத்தை வைத்து அதை யாரும் திட்டமிடவில்லை. பொழுதெல்லாம் ஊரார் பிள்ளைகளைப் பார்க்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தால், அவருக்கும் இதே நிலைதான்.

ஆகவே பாட்டி. சின்னவள் பிறந்த பிறகு என் அம்மா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து “ஒரு ஆறு மாசம் இருந்துட்டுப் போறேன்” என்று ஒரு சூட்கேஸோடு வந்தார். இரண்டே கால் வருடம் இருந்தார். ஊரில் அப்பா தனியாக ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். முதல் மூன்று மாதம் மெஸ்ஸில் சாப்பிட்டு வயிறு கெட்டு, அப்புறம் போனில் அம்மா சொல்லச் சொல்லப் புளி கரைத்தார். அம்மாவுக்கு முட்டி வலி. பிள்ளை தவழ ஆரம்பித்தபோது வலி அதிகமானது, ஓட ஆரம்பித்தபோது அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். மூன்றாம் மாடி வீட்டில் பகல் முழுக்கப் பேச ஆள் கிடையாது. ஊரில் ஒரு கல்யாணம், ஒரு துஷ்டி என்றால் நான் லீவு போட்டால்தான் அவர் போக முடியும். என் அம்மாவுக்கே நான் லீவு சாங்ஷன் செய்கிற நிலைமை வந்தது. அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

என் சம்பளம் வீட்டு வருமானம், அம்மாவின் உழைப்புக்குக் கணக்கே இல்லை. “எங்க வீட்ல மாமியார் பாத்துக்கிறாங்க, அதனால பிரச்சினை இல்ல” என்று ஒரு தோழி சொன்னால், அந்தப் பிரச்சினை இன்னொரு பெண்ணின் தலைக்கு மாறியிருக்கிறது என்றே எனக்குக் கேட்கிறது. ஐம்பத்தைந்து, அறுபது வயதில், தன் பிள்ளைகளை வளர்த்து முடித்து மூச்சு விடும் நேரத்தில், இரண்டாம் சுற்று. அந்தப் பாட்டியே வேலைக்குப் போகிறவராக இருந்தால்? சென்னையில் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு ஐம்பத்தைந்து வயதில் ஓய்வா கிடைக்கிறது? அவர்கள் மகள்களின் பிள்ளைகளைப் பெரும்பாலும் எட்டு, பத்து வயது அக்காக்கள்தான் இடுப்பில் வைத்திருக்கிறார்கள்.

பாட்டி இல்லாதவர்களுக்கு டே கேர். 2017 திருத்தத்தில் இதற்கும் ஒரு பிரிவு சேர்த்தார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும், தனியாகவோ பிற நிறுவனங்களோடு சேர்ந்தோ. தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை, ஓய்வு நேரம் போக, பாலூட்ட இரண்டு இடைவேளை தர வேண்டும் என்பது 1961 சட்டத்திலேயே இருந்தது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் வீடு தாம்பரத்திலும் வேலை கிண்டியிலும் என்றால், பிள்ளை பக்கத்தில் இல்லாமல் அந்த இடைவேளையை வைத்து என்ன செய்வது? காப்பகம் இருந்தால்தான் இடைவேளைக்கு அர்த்தம். காப்பகமோ எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்பதை விதிகளுக்கு விட்டுவிட்டார்கள், செலவை யார் ஏற்பது என்று சட்டம் வாயே திறக்கவில்லை. சில பெரிய ஐ.டி. வளாகங்களில் நல்ல காப்பகங்கள் உண்டு. ஐம்பது, அறுபது பேர் இருக்கும் சாதாரண அலுவலகத்தில் இந்தப் பிரிவைப் பற்றிக் கேட்டால் மனிதவளத் துறையே “அப்படி ஒண்ணு இருக்கா?” என்று கேட்கும். நான் கேட்டபோது அதுதான் பதில்.

இதில் ஒரு வேடிக்கை, காப்பகம் என்பது நமக்குப் புதிதே அல்ல. 1948 தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமும் தேயிலைத் தோட்டங்களுக்கு இதையே சொன்னது. இலங்கை மலையகத்தில் பிள்ளைக் காம்பரா என்று அதற்குத் தமிழ்ப் பெயரே உண்டு. கொழுந்து பறிக்கப் போகிற வழியில் பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள். துரைமார்களுக்குக் குழந்தைகள் மேல் பாசம் பொங்கியதால் வந்ததல்ல அது. கொழுந்து பறிக்கும் கை பெண்ணின் கை, அந்தக் கை இல்லாவிட்டால் தோட்டம் படுத்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. தொழிலாளர் குடியிருக்கும் லயமும் மலையும் பிள்ளைக் காம்பராவும் பக்கம் பக்கம். நகரத்தில் அந்த வசதி கிடையாது. எட்டரை மணி பேருந்தில் ஆறு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலுவலகக் காப்பகத்துக்குப் போகச் சொல்வது யாருக்கும் உதவாது. நம் ஊருக்கு வேண்டியது அலுவலகக் காப்பகம் அல்ல, தெருவுக்குத் தெரு இருக்கும் பால்வாடியே கைக்குழந்தையையும் சேர்த்துக்கொண்டு மாலை ஏழு மணி வரை திறந்திருப்பது என்பது என் கட்சி.

தனியார் டே கேர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பகுதியில் மாதம் எட்டாயிரம் கேட்டார்கள், ஆறரைக்கு மேல் தாமதித்தால் தனிக் கட்டணம். மூத்த பிள்ளையை அங்கே விட்ட முதல் வருடம் மாறி மாறிச் சளி, காய்ச்சல். காய்ச்சல் இருந்தால் சேர்க்க மாட்டார்கள், அது நியாயம்தான். என் தற்செயல் விடுப்பு அந்த வருடம் ஏப்ரல் மாதத்திலேயே தீர்ந்தது.

இனி பணம். மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு மகப்பேறு விடுப்புச் சம்பளத்தைக் கொடுத்துவிடும். அதற்கு மேலே உள்ளவர்களின் 26 வாரச் சம்பளம் முழுக்க முதலாளியின் கையிலிருந்து வர வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு மகப்பேறு உடன்படிக்கை இப்படிச் செய்யக் கூடாது, சமூகக் காப்பீடோ அரசு நிதியோ தர வேண்டும் என்கிறது. இந்தியா அதில் கையெழுத்துப் போடவில்லை. விளைவு என்ன? இருபது பேர் வேலை பார்க்கும் ஒரு கம்பெனியில் கணக்கெழுத ஆள் எடுக்கிறார்கள். இருபத்தேழு வயதுப் பெண் நேர்காணலுக்கு வருகிறார். “கல்யாணம் ஆயிடுச்சாம்மா? குழந்தை?” கேட்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, மனதுக்குள் 26 வாரத்தைப் பெருக்கிப் பார்க்கிறார், அவ்வளவுதான். விடுப்பை நீட்டிய சட்டம் அந்தச் செலவை எல்லோர் தலையிலும் பரப்பாமல் விட்டதால், வேலையில் இருக்கும் தாய்க்குக் கிடைத்த நன்மை வேலை தேடும் பெண்ணுக்கு எதிராகத் திரும்புகிறது.

இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நாலு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று பெருமையோடு சொல்கிறோம். உண்மையிலேயே பெருமைதான். ஆனால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்டு முடிந்து பேருந்திலிருந்து இறங்குகிறவர்களின் வயதைப் பாருங்கள், பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கம், விடுதி வாசம். ஐபோன் பொருத்தும் ஆலை ஒன்றில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது, ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. 2023-ல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் அமெரிக்கப் புள்ளிவிவரங்களை வைத்துக் காட்டியதும் இதை ஒட்டியதுதான்: ஆண், பெண் சம்பள இடைவெளி பெரிதாக விரியும் இடம் முதல் குழந்தையின் பிறப்பு.

விடுப்பு என்ற சொல்லே வாழ்க்கையில் நுழையாத பெண்கள்தான் அதிகம். நாற்று நடுகிற பெண் வரப்போர மரத்தில் பழைய சேலையில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு வயலில் இறங்குகிறாள். 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் இதை யோசித்திருந்தது. வேலையிடத்துக்குச் சின்னக் குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரைப் பிள்ளை பார்க்க நியமித்து அவருக்கும் அதே கூலி தர வேண்டும் என்று எழுதி வைத்தது. பிள்ளை பார்ப்பதும் கூலிக்குரிய வேலை என்று ஒப்புக்கொண்ட வரி அது. எனக்கு அதன் மேல் தனிப் பிரியம் உண்டு.

இதுவரை சொன்னது வெளிவேலை என்ற ஒரு பாதி. வீட்டுக்குள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஒன்றிய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அந்த 88-ம் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் கணக்கு மட்டும். 2019-ல் நடந்த இதே ஆய்வில் பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97. ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது என்று சந்தோஷப்படுவதற்குள், ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது.

இயந்திரங்கள் உதவவில்லை என்று சொல்ல மாட்டேன். 2011-ல் தொடங்கிய இலவச மிக்சி, கிரைண்டர் எத்தனையோ அம்மிகளை வீட்டுப் பின்பக்கம் தள்ளியது. இன்று தெருமுனைக் கடையின் மாவு பாக்கெட் கிரைண்டரையும் மூலைக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதைவிடப் பெரிய மாற்றம் காலை உணவுத் திட்டம் என்பது என் எண்ணம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. உப்புமா, கிச்சடி, பொங்கல். பிள்ளை பசியாறுகிறது என்பதைத்தான் எல்லோரும் பேசினார்கள். காலை ஆறு மணிக்குக் கூலி வேலைக்கோ ஆலை வேனுக்கோ கிளம்பும் ஓர் அம்மாவின் அடுப்படியில் ஒரு வேளைச் சமையல் குறைந்ததை அவ்வளவாகப் பேசவில்லை. தனியார் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் எங்களுக்கு அந்த யோகம் இல்லை. இரண்டு டப்பா, ஒரு ஸ்நாக்ஸ் டப்பா, அதிலும் புதன்கிழமை பழம் மட்டும் என்ற நிபந்தனை.

குழந்தைகள் வளர வளரக் கைவேலை குறைந்து தலைவேலை கூடுகிறது. நாளைக்கு வெள்ளை உடை, வியாழக்கிழமை ஒரு சார்ட் பேப்பர், பூச்சி மருந்து கொடுத்து ஆறு மாதம் ஆகிவிட்டது, ஷூ கடிக்கிறது. இவற்றை நினைவில் வைத்திருப்பது யார்? என் கணவர் நல்ல மனிதர், பாத்திரம் துலக்குவார், பிள்ளையைக் குளிப்பாட்டுவார். “ரொம்ப உதவியா இருப்பாராமே!” என்று உறவினர்கள் வியக்கிறார்கள். ‘உதவி’ என்ற அந்தச் சொல்லிலேயே வேலை யாருடையது என்பது முடிவாகிவிடுகிறது. கணவர் சவூதியில் சம்பாதிக்க, மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்ட ஒரு குடும்பத்தின் சொத்து வழக்கில், அந்த வீட்டு வேலையும் சொத்து சேரப் பங்களித்தது, மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பு எழுதினார். அப்பாவுக்கு விடுப்பு என்று தனியார் துறையில் சட்டம் எதுவும் இல்லை. ஒன்றிய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் உண்டு.

சின்னவளை எல்.கே.ஜி.யில் சேர்த்த வாரம் அம்மா ஊருக்கு டிக்கெட் போட்டார். சேர்க்கைப் படிவத்தில் அவசரத் தொடர்பு எண் என்று இரண்டு கட்டம் இருந்தது. இவ்வளவும் யோசித்தவள் ஆயிற்றே, முதல் கட்டத்தில் கணவரின் எண்ணை எழுதினேன், இரண்டாவதில் என்னுடையதை. மூன்றாவது வாரம் பதினொன்றரை மணிக்குப் பள்ளியிலிருந்து எனக்குப் போன் வந்தது, பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது, கூட்டிப் போங்கள் என்று. அவர் எடுக்கவில்லையா என்று கேட்டேன். “சாருக்கு இன்னும் பண்ணல மேடம். அவர் ஆபீஸ்ல இருப்பாரேன்னு...”

நான் மடிக்கணினியை மூடிவிட்டு ஆட்டோ பிடிக்கக் கீழே இறங்கினேன்.